மூலக்கூறு மருத்துவ முனைவர் படிப்பு: மூன்று வாசல் ஏறி இறங்கிய மாணவி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் வாசகர் கடிதப் பகுதியில் இரு வாரங்களுக்கு முன் வெளியான கடிதத்தில், பல துறைகளை இணைத்து மூலக்கூறு மருத்துவத்தில், அதாவது நோயின் காரணத்தை உடலின் மூலக்கூறுகளில் தேடும் துறையில், முனைவர் பட்டம் அளிக்கும் படிப்பு மொரிஷியஸ் போன்ற சிறு தீவுக்குத் தேவைதானா என்று அன்பர் ஒருவர் கேட்டிருந்தார். மருத்துவராகவும் ஆகாமல், வேதியியல் பேராசிரியராகவும் ஆகாமல், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நிற்கும் பட்டதாரிகளைத்தான் அது உருவாக்கும் என்பது அவர் கருத்து. அந்தப் பணத்துக்கு மருத்துவமனைகளில் இன்னும் சில டயாலிசிஸ் இயந்திரங்களை வைக்கலாம் என்றும் எழுதியிருந்தார். அவருடைய கவலையில் நியாயம் இருக்கிறது. அவர் வந்து சேர்ந்த முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நான் விஞ்ஞானி அல்லன். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆயினும் இதைப் பற்றி எழுத எனக்குக் காரணம் உண்டு. நானும் என் அண்ணனும் நீரிழிவு நோயாளிகள். என் தங்கை மகள் இப்படியொரு படிப்பைத் தேடி அலைந்து சலித்தவள்.

அண்ணனும் நானும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்ததை உண்டு வளர்ந்தவர்கள். காவடித் திருநாளில் வாழையிலையில் ஏழு கறியோடு பரிமாறப்படும் சோற்றை இருவரும் ஒரே அளவில்தான் சாப்பிட்டிருப்போம். இருவருக்கும் மருத்துவர் முதலில் எழுதிக் கொடுத்ததும் ஒரே மாத்திரை, மெட்ஃபார்மின். எனக்கு அது பழகிப் போயிற்று. காலை ஆறு மணிக்கு விரல் நுனியில் குத்தி, கருவியில் எண்ணைப் பார்த்து, அமைதியாகத் தேநீர் குடிக்க முடிகிறது. அண்ணனுக்கோ அந்த மாத்திரை வயிற்றைப் புரட்டிவிட்டது. மூன்று மாதம் படாதபாடு பட்ட பிறகு வேறு மருந்துக்கு மாற்றினார்கள். இந்த வேறுபாடு எதனால் என்று மருத்துவமனையில் கேட்டால், 'சிலருக்கு ஒத்துக்கொள்ளாது' என்ற பதில்தான் கிடைத்தது. தவறான பதில் என்று அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டிய பதிலும் அன்று.

என் தங்கை மகள் வேதியியல் பட்டதாரி. மாமாக்கள் இருவரின் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் என்பதாலோ என்னவோ, இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டாள். மெட்ஃபார்மினை ஈரலின் உயிரணுக்களுக்குள் கொண்டு சேர்க்கின்ற கடத்திப் புரதம் ஒன்று உண்டென்றும், அதை உருவாக்கும் மரபணு ஆளுக்கு ஆள் சற்றே வேறுபடும் என்றும், நம் தீவு மக்களிடம் அந்த வேறுபாடுகள் எப்படிப் பரவியுள்ளன என்று பார்க்க வேண்டும் என்றும் எனக்கு அவள் சமையலறை மேசையில் படம் போட்டு விளக்கினாள். முனைவர் பட்டத்துக்கு இதையே தலைப்பாகக் கொள்ள விரும்பினாள். ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் வேதியியல் பகுதியில், இது உயிரியல் என்றார்கள். உயிரியல் பகுதியில், இளங்கலையில் நீ மரபியல் படிக்கவில்லையே என்றார்கள். மருத்துவப் பகுதியில், நீ மருத்துவர் இல்லையே, நோயாளிகளிடம் எப்படி இரத்தம் எடுப்பாய் என்றார்கள். மூவருமே மரியாதையாகத்தான் பேசினார்கள். மூவரும் தத்தம் விதிப்புத்தகத்தின்படி சரியாகவே பேசினார்கள். எட்டு மாதம் மூன்று வாசல் ஏறி இறங்கிய பிறகு அவள் விண்ணப்பக் கோப்பை என் புத்தக அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு தனியார் நிறுவனத்தில் சர்க்கரை ஆலைக்கான இரசாயனங்களை விற்கும் வேலைக்குப் போனாள். அந்தக் கோப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அன்பர் சொல்லும் 'ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால்' நிலை, இத்தகைய படிப்பு இருந்ததால் அவளுக்கு வந்ததா, இல்லாததால் வந்ததா என்பதை அவரே எண்ணிப் பார்க்கட்டும்.

மூலக்கூறு மருத்துவம் என்பதே புதுப் பகட்டு என்று நினைப்பவர்களுக்கு அதன் தொடக்கத்தைச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதுவே ஒரு முனைவர் பட்ட மாணவரின் கதை. 1945ஆம் ஆண்டு அமெரிக்க வேதியியலறிஞர் லைனஸ் பாலிங், வில்லியம் காசில் என்ற மருத்துவர் அரிவாள் செல் சோகையைப் பற்றிப் பேசக் கேட்டார். இந்நோயாளிகளின் சிவப்பணுக்கள் ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தில் அரிவாள் போல வளைகின்றன. ஆக்சிஜன் கிடைத்ததும் நிமிர்ந்துகொள்கின்றன. மருத்துவருக்கு அது நோயின் அடையாளம். வேதியியலறிஞருக்கோ, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் மூலக்கூறே பழுதாக இருக்க வேண்டும் என்ற ஐயம் உடனே எழுந்தது. அதைச் சோதிக்கும் பொறுப்பு ஹார்வி இட்டானோ என்ற இளைஞரிடம் போயிற்று. ஜப்பானிய வம்சாவளியினர் என்பதற்காகப் போர்க்காலத்தில் முகாமில் அடைக்கப்பட்டோரில் ஒருவர் அவர். பின் மருத்துவப் பட்டம் பெற்று, அதன் பிறகு வேதியியலில் முனைவர் பட்டத்துக்காகப் பாலிங்கிடம் வந்து சேர்ந்தவர். மின்புலத்தில் ஓடவிட்டபோது நோயாளியின் ஹீமோகுளோபினும் நலமானவரின் ஹீமோகுளோபினும் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்தன. 1949இல் பாலிங், இட்டானோ, சிங்கர், வெல்ஸ் ஆகிய நால்வரும் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே அந்நோயை 'மூலக்கூறு நோய்' என்று அழைத்தார்கள். மருத்துவம் தெரிந்த வேதியியல் மாணவர் ஒருவர் கிடைத்திராவிட்டால் அந்தச் சோதனை அன்று நடந்திருக்குமா என்பது எனக்கு ஐயமே.

ஏழு, எட்டு ஆண்டுகளுக்குள் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்க்ராம் அந்தப் பழுது எங்கே என்று காட்டிவிட்டார். ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் என்ற வேறோர் அமினோ அமிலம் (புரதச் சங்கிலியின் கண்ணி) உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான். தமிழாசிரியனாகிய எனக்கு இதைப் புரிந்துகொள்வதில் ஒரு சிரமமும் இல்லை. கிரியோல் பேசி வளரும் நம் பிள்ளைகளுக்கு ல, ள, ழ மூன்றையும் பிரித்துச் சொல்ல வைக்க எத்தனை ஆண்டுகள் பாடுபட்டிருக்கிறேன்! 'கிளி பழம் தின்றது' என்பதைக் 'கிலி பலம் தின்றது' என்று எழுதும்போது எழுத்துகளின் எண்ணிக்கை மாறுவதில்லை. வாக்கியத்தின் உயிர் மட்டும் போய்விடுகிறது. நோயும் சில வேளை அத்தகைய எழுத்துப் பிழைதான். இது ஆப்பிரிக்கருக்கு மட்டுமே உரிய நோய் என்று எண்ணியிருந்த காலத்தில், 1952இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷ்ஷும் நீலகிரிப் பழங்குடி மக்களிடமும் அரிவாள் செல் பண்பு இருப்பதைக் கண்டறிந்தார்கள் என்பதையும் தமிழ் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது.

இதெல்லாம் எங்கோ நடந்தது, நமக்கென்ன என்று அன்பர் கேட்கக்கூடும். நம் வாசலுக்கே வருகிறேன். 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எனக்குச் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் ஐந்து நாளில் விட்டது. விரல் மூட்டுகள் மட்டும் மாதக்கணக்கில் விடவில்லை. கரும்பலகையில் எழுதச் சாக்குக்கட்டியைப் பிடிக்க முடியாமல், மாணவர் தலைவனை அழைத்து எழுதச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தே பாடம் நடத்தினேன். அந்தச் சொல் தான்சானியப் பகுதியின் மக்கொண்டே மொழியிலிருந்து வந்தது. உடல் வளைந்து முறுக்கிக்கொள்வதைக் குறிப்பது. பெயர் வைத்தவர்கள் அனுபவித்து வைத்திருக்கிறார்கள். அண்டைத் தீவான ரீயூனியனில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 2,66,000 பேருக்கு அந்நோய் கண்டது. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

அது ஏன் அப்படிக் காட்டுத்தீயாகப் பரவியது? அந்த வைரஸை வழக்கமாகச் சுமக்கும் ஏடிஸ் எஜிப்தை என்ற கொசு அங்கே அரிது. எங்கும் இருப்பது உடலில் வெள்ளை வரி போட்ட புலிக்கொசு. நோயாளிகளிடமிருந்து எடுத்த வைரஸ்களின் மரபுத்தொகுதியை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, 2005இன் தொடக்கத்து மாதிரிகளில் இல்லாத ஒரு மாற்றம் ஆண்டு இறுதி மாதிரிகளில் பரவியிருந்தது தெரிந்தது. வைரஸின் வெளியுறைப் புரதத்தில் 226ஆவது இடத்தில் அலனின் போய் வாலின் வந்திருந்தது. (அரிவாள் செல்லிலும் வாலின், இங்கும் வாலின். தற்செயல்தான், ஆனால் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.) அந்த ஒரு மாற்றம் வைரஸைப் புலிக்கொசுவின் உடலுக்குள் முன்னைவிட நன்றாகப் பெருகச் செய்தது என்பதைப் பிறகு ஆய்வகத்தில் கொசுக்களுக்குத் தொற்றிய இரத்தத்தை ஊட்டி மெய்ப்பித்தார்கள். இந்த ஒரு விடைக்கு எத்தனை பேர் வேண்டியிருந்தது என்று எண்ணிப் பாருங்கள். காய்ச்சல்காரரிடம் தேதி குறித்து இரத்தம் எடுத்து வைத்த மருத்துவர், வைரஸின் எழுத்துகளைப் படித்தவர், அந்த எழுத்துகளை ஒப்பிடக் கணினி நிரல் எழுதியவர், கொசுவை வளர்க்கத் தெரிந்த பூச்சியியலாளர் ஆகிய நால்வரில் ஒருவர் குறைந்திருந்தாலும் விடை அரைகுறையாக நின்றிருக்கும். 2025இல் ரீயூனியனில் அந்நோய் மறுபடியும் பெரிய அளவில் பரவி, நம் தீவையும் எட்டிப் பார்த்தபோது, அப்படி நால்வரோடும் அவரவர் மொழியில் பேசத் தெரிந்தவர்கள் இங்கே எத்தனை பேர் இருந்தார்கள்?

ரீயூனியன் கற்றுக்கொடுத்த இன்னொரு பாடம், சிக்குன்குனியாவைவிடவும் எனக்கு நெருக்கமானது. அத்தீவின் தென்பகுதியில், சில மூதாதையரின் வழிவந்த சிறு வெள்ளையர் சமூகத்தில், இடுப்பும் தோளும் மெலிந்து நலிகின்ற தசைச் சிதைவு நோய் தலைமுறை தலைமுறையாக வந்தது. இப்படி மூடிய சமூகத்தில் பரம்பரை நோய் மிகுந்தால், முதலில் வந்த ஒருவரிடமிருந்து ஒரே பிழை எல்லோருக்கும் வந்திருக்கும் என்று நினைப்பது இயல்பு. தென்னாப்பிரிக்காவில் அப்படித்தான் நடந்திருந்தது. போர்ட் எலிசபெத்தில் பணியாற்றிய மருத்துவர் ஜெஃப்ரி டீன், போர்ஃபிரியா என்ற பரம்பரை நோய் கண்டவர்களின் குடும்ப மரங்களை வீடு வீடாகக் கேட்டெழுதிப் பின்னோக்கிச் சென்று, 1688இல் கேப் பகுதியில் மணம் செய்துகொண்ட ஒரே டச்சுத் தம்பதியிடம் போய் நின்றார். அந்நோயுள்ளவர்களுக்குச் சில வகை மயக்க மருந்துகளே எமனாகும் என்பதால், அந்தக் குடும்ப மரம் அறுவை அரங்கில் உயிர் காக்கும் தாளாயிற்று. 1996இல் மரபணுப் பிழையும் கிடைத்தது; ஒரே பிழைதான் பெரும்பாலோரிடமும். ஆனால் ரீயூனியனில் 1995இல் கால்பெயின் 3 என்ற மரபணுவில் தசைநோயின் காரணத்தைக் கண்டபோது, எதிர்பார்த்த ஒரு பிழைக்குப் பதில் ஆறு வெவ்வேறு பிழைகள் அந்தச் சிறு சமூகத்திலேயே இருந்தன. 'ரீயூனியன் புதிர்' என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். தீவு சிறிது என்பதால் கேள்வியும் சிறிதாகத்தான் இருக்கும் என்று எண்ணுபவர்கள் இதைச் சற்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

இரு இடங்களிலும் ஆய்வகத்துக்கு முன்னால் வந்தது குடும்ப மரம். இங்கேதான் என் போன்றோருக்கும் ஒரு மூலை இருக்கிறது என்று சொல்லத் துணிகிறேன். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில், 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து இத்தீவுக்கு வந்தவர்களின் பதிவேடுகள் உள்ளன. பெயர், தந்தை பெயர், வயது, உயரம், சாதி, ஊர், உடல் அடையாளம் என்று கூலிக்காரனைப் பிடித்து வைக்கக் காலனி அரசு எழுதிய கணக்கு அது. பலருக்கு நிழற்படமும் உண்டு. மனிதரை எண்ணாக்க எழுதிய அந்தக் கணக்கு, எந்த ஊரிலிருந்து யார் வந்தார், யாரோடு வந்தார் என்ற வகையில் மரபியலாளருக்கு இன்று கிடைத்தற்கரிய செல்வம். ஆனால் அதை வாசிப்பது எளிதன்று. உறவினர் குடும்பம் ஒன்றுக்காக அங்கே சென்று உட்கார்ந்தபோது இதை நேரில் கண்டேன். ஆறுமுகம் என்ற ஒரே பெயர், எழுதிய எழுத்தரின் காதுக்கு எட்டியபடி, ஒரு தாளில் 'ஆர்மூகோம்', இன்னொன்றில் 'அருமுகம்', மூன்றாவதில் 'மூகன்' என்று கிடந்தது. ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தாலுகாவின் பெயர். மாவட்டத்தின் இடத்தில் ஊர். கணினியிடம் கொடுத்தால் அது மூன்று பேர் என்று சொல்லும். தமிழ் தெரிந்தவர் கப்பல் எண்ணையும் உயரத்தையும் தழும்பையும் பார்த்து ஒருவர்தான் என்று சொல்வார். மூலக்கூறு மருத்துவம் என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டு, தமிழ், போஜ்பூரி, தெலுங்கு, மராத்தி தெரிந்தவர்களையும் வரலாற்றாசிரியர்களையும் வெளியே நிற்க வைத்தால் அது பாதிப் பல்துறைதான்.

நீரிழிவுக்கு வருவோம், ஏனெனில் அன்பர் கேட்ட டயாலிசிஸ் இயந்திரங்களில் பெரும்பகுதிக்கு நோயாளிகளை அனுப்பி வைப்பது அதுவே. 1987இல் இங்கே எடுத்த ஆய்வு உலக நீரிழிவு நூல்களில் இடம்பெற்ற ஒன்று. இந்தியருக்குத்தான் சர்க்கரை என்று எல்லோரும் எண்ணியிருக்க, இந்துக்கள், முஸ்லிம்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினரான கிரியோல்கள், சீனர் என்ற நான்கு பிரிவினரிடமும் அது ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது கண்டு ஆய்வாளர்களே வியந்தார்கள். நான்கு வெவ்வேறு மரபுகள், ஒரே தீவு, ஒரே நோய் என்றால் காரணம் மரபணுவில் மட்டும் இல்லை என்று பொருள். அதே ஆண்டு தொடங்கிய நலத்திட்டத்தில் ஒரு காரியம் செய்தார்கள்: ரேஷன் எண்ணெயில் பெரும்பகுதியாக இருந்த பாமாயிலை நீக்கிச் சோயா எண்ணெய்க்கு மாற்றினார்கள். 1992இல் மறுபடி அளந்தபோது மக்களின் சராசரிக் கொலஸ்டிரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7 மில்லிமோலாக இறங்கியிருந்தது. மரபணுவைத் தொடாமல் ஓர் அரசாணையால் நடந்த இந்த மாற்றத்தை மூலக்கூறு மருத்துவத்தின் ஆதரவாளனான நானே முன்வந்து சொல்கிறேன். ஆனால் கொலஸ்டிரால் இறங்கிய அதே தீவில் நீரிழிவு இறங்கவில்லை. இன்று வயது வந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது உள்ளது. எண்ணெய்க்கு இணங்கிய உடல் சர்க்கரைக்கு ஏன் இணங்கவில்லை என்ற கேள்விக்கு விடை எண்ணெய் ஆலையிலும் கிடைக்காது, ஆய்வகத்தில் மட்டும் தேடினாலும் கிடைக்காது.

புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004இல் தம்முடைய படத்தையும் பிரிட்டிஷ் நண்பர் ஜான் யட்கினின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிட்டார். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடையின் குறியீட்டெண் ஒன்றே. ஆனால் உடல் கொழுப்பு யட்கினுக்கு 9 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21 விழுக்காடு. ஒல்லியாகத் தெரியும் நம் உடலுக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கிறது. இந்த வேறுபாடு கருவிலேயே தொடங்குகிறது என்பதற்கும் அவருடைய குழு சான்று காட்டியிருக்கிறது. மருத்துவமனைத் தராசில் 62 கிலோ என்று பார்த்து, 'உங்களுக்கு ஒன்றும் இல்லை' என்று ஒரு காலத்தில் என்னை அனுப்பி வைத்தவர் இந்தப் படத்தைப் பார்த்திருந்தால் என் இரத்தத்தையும் அன்றே சோதித்திருப்பார். ஆகவே டயாலிசிஸ் இயந்திரமா, ஆய்வுப் படிப்பா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது பொருந்தாது. இயந்திரத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? நாளை எனக்கே தேவைப்படலாம். ஆனால் அந்த அறைக்கு வெளியே நிற்கும் வரிசை ஏன் நீண்டுகொண்டே போகிறது என்று கேட்கப் பயிற்சி பெற்றவர்களும் வேண்டும்.

சரி, படிப்பு எப்படி இருக்க வேண்டும்? இதில் நாம் சக்கரத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகத்தில் மூலக்கூறு மருத்துவத்துக்கென்றே ஒரு பன்னாட்டு முனைவர் பட்டப் பள்ளி இயங்குகிறது. கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் தொற்றுநோய்களையும் மூலக்கூறு மருத்துவத்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்த நிறுவனம் இருக்கிறது. இத்தகைய இடங்களில் பெரும்பாலும் மாணவர் ஒரே பேராசிரியரின் கைப்பிள்ளையாக விடப்படுவதில்லை. வெவ்வேறு துறையினர் சேர்ந்த ஆலோசனைக் குழு ஆண்டுதோறும் உட்கார்ந்து கேள்வி கேட்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதல் ஆண்டில் மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் வீதம் சுற்றிவந்த பிறகே நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமும் உண்டு. பெண் பார்க்கப் போகிறவர்கள் கூட நாலு வீடு பார்க்கிறார்கள். நாலைந்து ஆண்டுகளைக் கொடுக்கப்போகும் மாணவர் மூன்று ஆய்வகம் பார்ப்பதில் என்ன குறை?

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமானது, வேதியியலோ இயற்பியலோ கணினியோ படித்து வருகிற மாணவர் மருத்துவமனை வார்டில் நிற்க வேண்டும் என்பதுதான். சுற்றுலாப் பயணியைப் போல ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு வருவதைச் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாளாவது, ஓராண்டு முழுவதும். கால் புண்ணைக் கட்டவிழ்க்கும்போது வரும் வாடையையும், 'இன்சுலின் ஊசி போட ஆரம்பித்தால் அவ்வளவுதான்' என்று அழும் பாட்டியையும் பார்த்த பிறகு அவர் கேட்கும் ஆய்வுக் கேள்வியே வேறாக இருக்கும். அதேபோல் ஆய்வுக்கு வரும் மருத்துவர், மாதிரியைக் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவராக இல்லாமல், புரதத்தைத் தாமே பிரித்து, புள்ளியியலைத் தாமே போட்டு, மூன்று முறை தோற்றுப் பார்க்க வேண்டும்.

சிறிய நாட்டில் இத்தனை நிபுணர்களுக்கு எங்கே போவது என்பது உண்மையான சிக்கல். ரெதுய்யில் உள்ள நம் பல்கலைக்கழகம் தனியாக இதைச் சுமக்க வேண்டியதில்லை. விமானத்தில் முக்கால் மணி நேரத் தொலைவில் ரீயூனியன் பல்கலைக்கழகம் இருக்கிறது. பிரெஞ்சு முறையில் கோட்யூட்டெல் என்ற ஏற்பாடு நெடுங்காலமாக உண்டு: மாணவர் இரு நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் பதிவு செய்துகொள்வார், நெறியாளர் இருவர், ஆய்வேடு ஒன்று, வாய்மொழித் தேர்வும் ஒன்று. ஆங்கிலமும் பிரெஞ்சும் ஒருங்கே அறிந்த நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எது? கொசுவும் வைரஸும் கடவுச்சீட்டு இல்லாமல் இந்தக் கடலைக் கடந்து வருகின்றன. மாணவர்கள் விசா வாங்கியாவது கடக்கட்டும். செலவைப் பற்றி ஒன்று மட்டும். 2019 முதல் அரசுக் கல்வி நிறுவனங்களில் முதல் பட்டப் படிப்புக்குக் கட்டணம் இல்லை. நல்ல காரியம். ஆனால் முனைவர் பட்ட மாணவருக்குக் கட்டணச் சலுகையைவிட மாதச் சம்பளம் போன்ற உதவித்தொகைதான் தேவை. இருபத்தாறு வயதில் வீட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டியவள் இரசாயனம் விற்கத்தான் போவாள்.

அன்பருக்குச் சாதகமாக ஒரு செய்தியை நானே தருகிறேன். 1956இல் கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்த ஆலன் கார்மாக்கிடம், குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் கதிரியக்கப் பொருள்களின் பயன்பாட்டைக் கண்காணிக்கும் பொறுப்பு, அங்கிருந்த இயற்பியலாளர் விலகிவிட்டதால், வாரத்துக்கு ஒன்றரை நாள் வந்து சேர்ந்தது. உடலுக்குள் ஊடுகதிர் எங்கெங்கே எவ்வளவு குறைகிறது என்று தெரியாமலே கதிர் சிகிச்சை அளிக்கிறார்களே என்று அங்கே நின்றபோது அவருக்கு உறுத்தியது. அந்த உறுத்தலிலிருந்து பிறந்த கணக்குதான் சி.டி. ஸ்கேனுக்கு அடிப்படை, 1979இல் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டோடு நோபல் பரிசும் கிடைத்தது. இருவருமே முனைவர் பட்டம் பெறாதவர்கள்! முனைவர் படிப்புக்காக வாதாடும் என் தலையில் இது ஒரு குட்டுத்தான். ஆனால் இயற்பியல்காரரை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தது அங்கே காலியாகக் கிடந்த ஒரு வேலை. காலியிடமும் தற்செயலும் ஒன்றுசேரும் வரை நம் தீவு காத்திருக்க வேண்டும் என்பதா வாதம்?

படிப்பைத் தொடங்குபவர்களிடம் எனக்கு இரண்டு அச்சங்கள் உண்டு. ஒன்று மின்சாரம். மரபணு மாதிரிகளைச் சுழியத்துக்குக் கீழே 80 பாகைக் குளிரில் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்ததைப் பார்த்தோம். அப்படிப்பட்ட நாளில் மின்சாரம் போய், ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்து, பத்தாண்டுச் சேகரிப்பு ஓர் இரவில் உருகி வழிந்தால் யாரிடம் போய் அழுவது? கட்டடத் திறப்பு விழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் இரண்டாவது ஜெனரேட்டருக்கு ஒதுக்கட்டும். மாதிரிகளில் பாதியை மேட்டு நிலமான கூர்ப்பிப் பக்கம் வேறோர் இடத்தில் வைக்கட்டும்.

மற்றொன்று நம்பிக்கை. பதிவேட்டில் சாதியும் ஊரும் இருக்கின்றன. இரத்தத்தில் தகப்பன் யார் என்பதும் இருக்கிறது. இவை இரண்டையும் ஒன்றாகக் கோக்கும்போது குடும்பங்களின் மானம் அதில் மாட்டிக்கொள்கிறது. 2017ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மிடம் உள்ளது என்பது உண்மை. ஆயினும் கையொப்பம் வாங்கும் படிவம் ஆங்கிலத்தில் ஆறு பக்கம் இருந்தால், ஃபிளாக்கின் சந்தையில் கீரை விற்கும் அம்மாள் படித்துப் பார்த்தா கையொப்பமிடுவார்? கிரியோலில் வாய்விட்டுச் சொல்லி, கேள்வி கேட்க நேரம் கொடுத்து, வேண்டாம் என்றால் அதனால் சிகிச்சையில் குறை வராது என்று உறுதி சொல்லி வாங்க வேண்டும். மாதிரிகள் வெளிநாடு போனால் யார் பொறுப்பில் போகின்றன, எப்போது திரும்பும், கண்டதை எங்களுக்கு யார் வந்து சொல்வார் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். இதைக் கற்பிப்பதும் அந்தப் படிப்பின் பாடத்திட்டத்தில் முதல் ஆண்டிலேயே வர வேண்டியது. கடைசி அத்தியாயத்தின் பின்னிணைப்பாக அன்று.

இத்தகைய படிப்பு குறித்து முடிவெடுக்கும் நிலையில் உள்ளவர்கள் தங்கள் இதழை வாசிப்பார்களாயின், அறிவிப்பு வெளியிடும் நாளில் மூன்று விவரங்களைத் தெளிவாகச் சொல்லுமாறு வேண்டுகிறேன்: எந்தப் பட்டம் பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம், இரண்டாம் நெறியாளர் எந்தத் துறையிலிருந்து வருவார், உதவித்தொகை எவ்வளவு. என் அலமாரியில் உள்ள கோப்பின் மேல் தூசி தட்டி உரியவளிடம் திருப்பிக் கொடுக்க எனக்கு அது போதும். மோக்காவின் பதிவேடுகளில் உள்ள தமிழ்ப் பெயர்களை இனங்கண்டு சீராக எழுதித் தர ஆள் தேவைப்பட்டால், வாரத்தில் இரண்டு நாள் பேருந்து பிடித்து வந்து உட்காரவும் நான் தயார். சம்பளம் வேண்டாம். நண்பகலில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் எழுந்து போக மட்டும் விட வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
ரோஸ் ஹில், மொரிஷியஸ்.